மறைத்த இரண்டு கோடுகள்

அந்த வரைபில் மூன்று கோடுகள் இருந்தன. அறிக்கையில் ஒன்றுதான் அச்சானது. மற்ற இரண்டையும் எடுத்தவன் நான். மேலதிகாரி எவரும் எடுக்கச் சொல்லவில்லை. ஒப்பந்தகாரர் எவரும் என் கைக்குள் எதையும் திணிக்கவில்லை. கணினித் திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருந்த சரி அடையாளத்தை நீக்கினேன், கோடுகள் போய்விட்டன.

அந்தக் கோடுகள் என்ன சொல்லின என்பதை விளங்கப்படுத்தாமல் என் குற்றத்தை விளங்கப்படுத்த முடியாது. ஆகவே கொஞ்சம் கணக்குப் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இறக்காமத்துக்காரன். தொழில் நீரியல் கணக்கு. ஓர் ஓடைக்குக் குறுக்கே பாலமோ மதகோ, வெள்ளம் மேலால் போகும்படி தாழ்த்திய தாம்போதியோ கட்டப்போகிறார்கள் என்றால், அவ்விடத்தில் எவ்வளவு வெள்ளம் வரக்கூடும் என்று எழுதிக் கொடுக்கிற ஆள். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் இலங்கையின் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்த வெள்ளங்களுக்குப் பிறகு, எங்கள் பக்கத்தில் அழிந்துபோன வீதிகளையும் மதகுகளையும் திருத்தும் வேலைகள் நிறைய வந்தன. இறக்காமத்து வயல் வட்டைகளுக்கு ஊடாகப் போகும் ஒரு வீதியை உயர்த்தி, ஓடை கடந்துபோக அதன் கீழே மதகு வைப்பது அவற்றில் ஒன்று. எந்த வீதி, எந்த அலுவலகத்தின் வேலை என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அவர்கள் கேட்டது ஓர் எண். அதைக் கொடுத்தது நான்.

எங்கள் பக்கத்துத் தண்ணீரின் போக்கை அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறந்து வருவது கல்லோயா. எங்கள் பழைய ஆட்களுக்கு அது பட்டிப்பளை ஆறு. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. மொரிசன்-நட்சென் என்ற அமெரிக்கக் கம்பனி இங்கினியாகலையில் அணையைக் கட்டியது. 1950களின் தொடக்கத்திலிருந்து ஆற்றின் பெருநீர் சேனநாயக்க சமுத்திரத்தில் கட்டுண்டு கிடக்கிறது. ஆனால் அணைக்குக் கீழே பெய்கிற மழையை அணை என்ன செய்யும்? அம்பாறைப் பக்கத்துக் குளங்கள் வான் பாய்ந்து வருகிற நீரும், எங்கள் தலைக்கு மேலேயே கொட்டுகிற வடகீழ்ப் பருவமழையும் சேர்ந்து கடலுக்கு இறங்குகிற வழியில்தான் இறக்காமம் கிடக்கிறது. மேலே அணை இருக்கிறது என்ற நினைப்பு எங்கள் ஊரில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. அது எனக்கு எப்படி உதவியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வெள்ள மீடிறன் பகுப்பாய்வு என்று எங்கள் தொழிலில் சொல்வதன் அடிப்படை மிக எளிது. ஒவ்வொரு வருடமும் வந்த ஆகப் பெரிய வெள்ளத்தை, வருடத்துக்கு ஒன்று என்று எடுக்க வேண்டும். முப்பது வருடப் பதிவென்றால் முப்பது எண்கள். பெரியதிலிருந்து சிறியதுவரை அடுக்கி, அந்தப் புள்ளிகளுக்கூடாக ஒரு வளைகோட்டைப் போட்டு, பதிவில் இல்லாத அரிய வெள்ளங்கள்வரை கோட்டை நீட்ட வேண்டும். 1914இலேயே அமெரிக்காவில் ஹேஸன், ஃபுல்லர் என்ற இரு பொறியியலாளர்கள் இந்த வழியைத் திறந்துவிட்டார்கள். வகுப்பில் நாங்கள் முதலில் படிப்பது கும்பெல் முறை. எமில் கும்பெல் ஜெர்மன் கணிதவியலாளர். 1922இல் தன் நாட்டின் அரசியல் கொலைகளை ஒவ்வொன்றாக எண்ணி வெளியிட்டவர்: வலதுசாரிகள் செய்தவை 354, இடதுசாரிகள் செய்தவை 22. அந்த எண்களும் அவருடைய போர் எதிர்ப்பும் சேர்ந்து 1932இல் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்திலிருந்து அவரைத் துரத்தின. பிரான்ஸ் போய், பிறகு அமெரிக்கா போய், வெள்ளங்களின் மீள்வருகைக் காலம் பற்றி 1941இல் எழுதினார். உயிர் போகலாம் என்று தெரிந்தும் எண்ணை மறைக்காத ஒரு மனிதரின் சூத்திரத்தைப் படித்துத்தான் நான் தொழிலுக்கு வந்தேன். என்னிடம் உயிரைப் பணயம் கேட்டவர் யாருமில்லை.

நான் பயன்படுத்திய மென்பொருளின் பெயர் ஹெக்-எஸ்எஸ்பி. அமெரிக்க இராணுவத்தின் பொறியியலாளர் படையணிக்குக் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் ஒரு நீரியல் நிலையம் இருக்கிறது. அங்கே எழுதி, உலகுக்கே இலவசமாகக் கொடுக்கிறார்கள். வருட உச்ச வெள்ளங்களை அதற்குள் போட்டால் மடக்கை-பியர்சன் மூன்றாம் வகைப் பரம்பலை அவற்றுக்குப் பொருத்தி, ஒரு வரைபையும் ஓர் அட்டவணையையும் தரும். நடுவில் கணித்த கோடு. அதற்கு மேலொன்றும் கீழொன்றுமாக நம்பிக்கை எல்லைக் கோடுகள். நடுக்கோடு சொல்வது ஊகம். ‘உண்மை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது, அதையும் அடித்துச் சொல்ல முடியாது’ என்பது மற்ற இரண்டின் பேச்சு. பதிவு நீளமாக இருந்தால் அவை நடுக்கோட்டை ஒட்டி வரும். பதிவு குறுகியதாகவும் ஓட்டையாகவும் இருந்தால் அரிய வெள்ளங்களின் பக்கம் போகப் போக இரண்டும் விலகி, வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

என் வரைபில் அவை அப்படித்தான் பிளந்து நின்றன. ஏன் என்பதற்கு முதலில் சில்லறைக் குற்றங்களைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அந்த ஓடைக்கு நீர்மானி கிடையாது. தள்ளியிருந்த வேறோர் ஆற்றின் பதிவை எடுத்து, நீரேந்து பரப்பின் விகிதத்தில் சுருக்கிக்கொண்டேன். அந்தப் பதிவிலும் போர்க்காலத்தில் மானி வாசிப்பவர் போக முடியாத வருடங்கள் வெறுமையாகக் கிடந்தன. வெறுமையைச் சராசரியால் நிரப்பினேன். சராசரியால் நிரப்பினால் எண்களின் சிதறல் குறையும், சிதறல் குறைந்தால் மேல்நுனி வெள்ளமும் குறைந்து தெரியும். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஓராயம் என்று ஒரு குணகம் உண்டு, வரைபு எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதன் அளவு. குறுகிய பதிவில் அதை நம்ப முடியாது, அந்தப் பிரதேசத்து ஆறுகள் பலவற்றிலிருந்து எடுத்த பொது எண்ணோடு கலக்க வேண்டும். எங்கள் பிரதேசத்துக்கு அப்படியோர் எண் என் கையில் இல்லை. மென்பொருளோடு வந்த பயிற்சி உதாரணம் நியூயோர்க் மாநிலத்தின் ஃபிஷ்கில் என்ற ஓடை. பயிற்சிக்காகத் திறந்த அந்தக் கோப்பின் மேலேயே என் வேலையையும் தொடங்கினேன், ஃபிஷ்கிலின் எண் அப்படியே தங்கிவிட்டது. பனி பெய்கிற நாட்டு ஓர் ஓடையின் குணத்தை, மாரி மழையில் மட்டும் உயிர்க்கிற எங்கள் ஓடைக்குப் பூட்டிவிட்டேன். பார்த்தேன், திருத்தவில்லை.

இன்னொன்று கொஞ்சம் பெரியது. எங்கள் வெள்ளம் கார்த்திகையில் தொடங்கி மாசிவரை வரும். அதனால் நீரியல் வருடத்தை ஒக்டோபரில் தொடங்கிச் செப்டம்பரில் முடிக்க வேண்டும். மென்பொருளும் அப்படித்தான் எதிர்பார்க்கிறது. பதிவேடுகள் ஜனவரி-டிசம்பர் கணக்கில் இருந்தன என்பதற்காக நான் எக்செலில் ஜனவரி-டிசம்பர் என்றே உச்சங்களைப் பொறுக்கினேன். டிசம்பர் கடைசியில் ஏறி ஜனவரி முதலில் வடிந்த ஒரே வெள்ளம் என் பட்டியலில் இரண்டு வருடங்களின் உச்சமாக இரண்டு தரம் ஏறியிருக்கிறது. 2011இலோ நேர்மாறு. ஜனவரியில் ஒரு வெள்ளம், பெப்ரவரியில் இன்னொன்று. வருடத்துக்கு ஒன்று என்ற முறை ஒன்றைத்தான் எடுக்கும், மற்றதைக் கழித்துவிடும். முதல் வெள்ளத்துக்குத் தப்பிய கதிரை அறுக்கப்போகிற நேரத்தில் இரண்டாவதுக்குப் பறிகொடுத்த ஒரு விவசாயியிடம் போய், உங்கள் பெப்ரவரி வெள்ளம் கணக்கில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா? ஒரு குறித்த அளவைத் தாண்டிய எல்லா வெள்ளங்களையும் எடுக்கிற வேறு முறை இருக்கிறது. அது கூடுதல் வேலை. செய்யவில்லை.

இவையெல்லாம் சோம்பல். எந்தத் தொழிலிலும் இருக்கிறது, மேற்பார்வை இருந்தால் பிடிபட்டுவிடும். அடுத்து வருவது ஆணவம்.

மானி இல்லாத சிறு நீரேந்து பரப்புகளுக்கென்றே இந்த நாட்டில் ஒரு கையேடு இருக்கிறது. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொன்ராஜா எழுதியது, 1984ஆம் ஆண்டுப் பதிப்பு. இலங்கையை மழைக்கேற்றபடி வலயங்களாகப் பிரித்து, ஓடையின் நீளம், சரிவு, பரப்பு இவற்றிலிருந்து வெள்ளத்தைக் கட்டியெழுப்புகிற வழியை ஒரு தமிழ்ப் பொறியியலாளர் படிப்படியாகச் சொல்லி வைத்திருக்கிறார். எங்கள் துறையில் அதைப் புரட்டாதவர் இல்லை. என் மேசையிலும் அதன் நிழற்பிரதி கிடந்தது. என் வேலைக்கு அளவெடுத்துத் தைத்த புத்தகம் அது. நான் அதைத் திறக்கவில்லை. காரணம் வெட்கக்கேடானது: அந்தப் புத்தகத்தை ஊரில் எல்லாப் பொறியியலாளரும் வைத்திருந்தார்கள், அமெரிக்க மென்பொருளை அப்போது எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் நான்தான் வைத்திருந்தேன். மானி உள்ள ஆறுகளுக்காகச் செய்த கருவியை மானி இல்லாத ஓடைக்கு வளைத்தது அதற்காகத்தான். மென்பொருளின் மேல் எனக்குக் கோபமில்லை. அது செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தது. தன் சந்தேகத்தை இரண்டு கோடுகளாக வரைந்தும் காட்டியது.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன்.

வேலை தொடங்குமுன் விவசாயிகளுக்கு விளக்கம் கொடுக்க வேண்டும் என்பது விதி. பெரும்போகத்துக்கு வயலை ஆயத்தப்படுத்துகிற காலம். நான் வரைபைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு போனேன். கோடுகளை எடுத்தது அதற்கு முந்திய இரவில். எடுத்ததற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம், ‘சனங்களைக் குழப்பக்கூடாது’ என்பது. உண்மை வேறு. மேற்கோடு நான் எழுதிய எண்ணைவிட எவ்வளவோ உயரத்தில் நின்றது. அதைக் கண்டால் அலுவலகம் கேள்வி கேட்கும், மதகு பெரிதாக வேண்டும், மதிப்பீடு மாறும், கோப்பு திரும்பி வரும். ஊராருக்கு முன்னால் ‘எனக்கு நிச்சயமில்லை’ என்று வேறு சொல்ல வேண்டும். வாப்பா மண்வெட்டியோடு போன வட்டைக்கு நான் மடிகணினியோடு போகிறேன். அந்த நாளில் ‘தெரியாது’ என்ற சொல் என் வாயில் வரக் கூடாது என்று நினைத்தேன்.

வட்டையின் நீர் விஷயங்களைக் கவனிக்கிற வட்டவிதானையாக இருந்து வயது போன ஒருவர் முன்வரிசையில் இருந்தார். எனக்கு மாமா முறை.

“மகன், வாற தண்ணி இந்த மதகுக்குள்ளால அடங்கிப் போகுமா?”

“ஓம் மாமா. அம்பது வருச வெள்ளத்துக்குக் கணக்குப் பாத்துத்தான் போட்டிரிக்கி.”

“அப்ப நம்மட காலத்துக்குப் பயமில்ல?”

“பயமில்ல மாமா.”

அவர் விடவில்லை. ஓடைக்கரையில் நின்ற புளிய மரத்தைக் காட்டினார். “அம்பத்தேழாமாண்டு வெள்ளத்துல தண்ணி அந்தக் கொப்புக்கு வந்து நிண்டது. எங்கட வாப்பா தோணி கொண்டு வந்துதான் எங்கள ஏத்தினாரு.” பிறகு ஒரு யோசனை சொன்னார். வீதியை இவ்வளவு உயர்த்த வேண்டாம், ஓடை கடக்கிற இடத்தில் தாம்போதியாகத் தாழ்த்தி விடுங்கள், பெருவெள்ளம் வந்தால் மேலால் போகட்டும், இரண்டு மூன்று நாள் பாதை மூடினால் மூடட்டும் என்றார்.

நான் சிரித்தேன். “அது அந்தக் காலம் மாமா. இப்ப மேல அணை இரிக்கி.”

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். அவரும் பேசாமல் விட்டுவிட்டார். 1957 டிசம்பரில் இலங்கையின் உலர் வலயத்தையே அள்ளிய வெள்ளம் வந்தபோது சேனநாயக்க சமுத்திரம் கட்டி முடிந்து ஆறேழு வருடம் ஆகிவிட்டது. அணை இருக்கும்போதுதான் அந்தப் புளியங்கொப்புக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. இதை அறிய எனக்கு எந்த மென்பொருளும் தேவையில்லை, இரண்டு வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தால் போதும். ஓர் எழுபது வயது மனிதர் கண்ணால் கண்ட சாட்சியத்தை, நான் சரிபார்க்காத ஒரு வசனத்தால் வாயடைத்தேன்.

அதைவிட மோசமான செய்தி இனித்தான். நான் வழிபட்ட அந்த மென்பொருளில், அப்போது என்னிடமிருந்த பழைய பதிப்பிலேயே, வரலாற்று வெள்ளங்களைச் சேர்ப்பதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. சரி அடையாளமிட்டால் வரிசைகள் திறக்கும்: எந்த வருடம், எவ்வளவு நீர், எந்த வருடத்திலிருந்து இதைவிடப் பெரிது வரவில்லை. புளியங்கொப்பின் உயரத்தை அளந்து, ஓடையின் குறுக்குவெட்டையும் சரிவையும் எடுத்து, மானிங் சூத்திரத்தில் போட்டால் அந்த வெள்ளத்துக்கு ஓர் உத்தேச அளவு கிடைத்திருக்கும். 2018இல் அமெரிக்கர்கள் வெளியிட்ட 17சி என்ற வழிகாட்டியும் அதைப் பின்பற்றும் பிந்திய பதிப்புகளும் இன்னும் ஒரு படி போய்விட்டன. அளவு சரியாகத் தெரியாவிட்டாலும் ‘இதற்கும் இதற்கும் இடையில்’ என்று கொடுக்கலாம். ‘அம்பத்தேழுக்குப் பிறகு அந்தக் கொப்பைத் தண்ணீர் தொடவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அந்த வசனமும் தரவுதான், மானி இல்லாத வருடங்கள் அத்தனைக்கும் அது ஓர் உச்ச எல்லையைக் கொடுக்கிறது. ஆக, டேவிஸ் நகரத்துக் கணிதக்காரர்கள் எங்கள் வட்டவிதானையாருக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அவரை உட்கார விடாதவன் அவருடைய ஊர்க்காரனான நான்.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்குக்கூட இந்த மரியாதை தெரிந்திருந்தது. ஆளுநர் சேர் ஹென்றி வார்டின் 1856ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டம், நீர் விஷயத்தில் அந்தந்த ஊரின் பழைய வழக்கங்களைத் தேடியெடுத்து அவற்றுக்கு உயிர் கொடுப்பதற்காக வந்தது. இறக்காமத்துக் குளத்தைத் திருத்திக் கட்டியதும் அதே வார்டின் காலத்தில்தான்.

இப்போது ‘அம்பது வருச வெள்ளம்’ என்று நான் சொன்னதைப் பார்ப்போம். மென்பொருள் தருகிற அட்டவணையில் அப்படி வருடக் கணக்கு முன்னால் வராது, நூற்றுக்கு இரண்டு என்றுதான் இருக்கும். எந்தவொரு வருடத்திலும் அந்த அளவைத் தாண்டுவதற்கு நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு. இந்த வருடம் வந்துவிட்டதால் அடுத்த வருடம் வாய்ப்புக் குறைவதில்லை. பத்து வருடத்துக்குள் ஒரு தடவையேனும் தாண்ட நூற்றுக்கு 18. முப்பது வருடத்துக்குள் 45. ஐம்பது வருடத்துக்குள் 64. அதாவது ‘நம்மட காலத்துக்குப் பயமில்லையா’ என்ற கேள்விக்கு நடுக்கோட்டை அப்படியே நம்பினால்கூட ‘பாதிக்குப் பாதி பயமிருக்கிறது’ என்பதுதான் விடை. மேற்கோட்டையும் சேர்த்துப் பார்த்தால் அதைவிடக் கூட. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரத்தார் ஐந்நூறு வருட வெள்ளம் என்று பெயரிட்டதை 2015, 2016, 2017 என்று மூன்று வருடம் தொடர்ந்து கண்டார்கள். சென்னையில் 2015 டிசம்பருக்குப் பிறகு நூறாண்டு வெள்ளம் என்ற பேச்சு எல்லார் வாயிலும் அடிபட்டது, கேட்டவர்களில் எத்தனை பேர் ‘இனி நூறு வருடத்துக்கு இல்லை’ என்று நிம்மதியாகப் படுத்தார்களோ. நான் அந்த நிம்மதியை என் ஊருக்குப் பொய்யாக விற்றவன்.

மதகு கட்டினார்கள். வீதி உயர்ந்தது, தார் போட்டார்கள், மழைக்காலத்திலும் பாடசாலைப் பிள்ளைகள் சேறு படாமல் போனார்கள். சில வருடங்கள் என்னைக் கண்டவர்கள் நல்ல வேலை என்று சொன்னார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

2024 நவம்பர் கடைசியில், பின்னர் ஃபெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கம் எங்கள் கரையோரமாக நகர்ந்தது. மழை விடாமல் பெய்தது. மதகுக்குள் அடங்காத தண்ணீர் உயர்த்திய வீதியில் முட்டி நின்றது. வீதி அணைக்கட்டாக மாறிவிட்டது. மேற்பக்கத்து வட்டையில் விதைத்து முளைத்து நின்ற பயிர் நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. பழைய வீதியாக இருந்திருந்தால் தண்ணீர் மேலால் வழிந்து வடிந்திருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அந்த மாமா அப்போது உயிரோடு இல்லை. அவருடைய மகனின் வயலும் அதற்குள் இருந்தது.

அதே நாட்களில்தான், நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவு-மாவடிப்பள்ளித் தாம்போதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அள்ளிக்கொண்டு போனது. பிள்ளைகள் இறந்தார்கள். அந்த இடத்துக்கும் என் கணக்குக்கும் தொடர்பில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் தாம்போதி என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதுவதாக யாரும் நினைக்கக் கூடாது. உயர்த்திய வீதி வயலைக் கொல்லும், தாழ்த்திய வீதி ஆளைக் கொல்லும். எங்கள் பக்கத்துக் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து ஒவ்வொரு மாரியிலும் போய்வருகிறவர்களுக்கு இது தெரியும். எதைத் தெரிவுசெய்வது, எந்த ஆபத்தை ஏற்பது, தடுப்பும் காவலும் எப்படிப் போடுவது என்பதை அங்கே வாழ்கிறவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும். அவர்கள் கண்ணைக் கட்டியவன் நான்.

நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஐம்பது வருடத்துக்குக் கட்டியதில் நூறு வருடத்து வெள்ளம் வந்தால் பொறியியலாளர் என்ன செய்வார், காலநிலையே மாறிவிட்டது, அடுத்த வருடமே டித்வா புயல் வந்து நாட்டையே புரட்டிப்போடவில்லையா என்றார்கள். காலநிலை மாறுகிறது, உண்மைதான். பழைய பதிவுகளை வைத்து வருங்காலத்தைக் கணிக்கிற எங்கள் முறையின் அடித்தளமே அதனால் ஆட்டம் காண்கிறது, அதுவும் உண்மை. ஆனால் பழியைக் காலநிலையின் மேல் போட்டு நான் தப்ப முடியாது. மேற்கோடு அந்த நீரை அப்போதே காட்டியிருந்தது. கணக்குத் தவறிப்போவது தொழிலில் நடக்கக்கூடியது. கணக்கு சொன்ன எச்சரிக்கையை அழித்துவிட்டு மீதியைக் காட்டியதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்துக்குத் தவ்பாச் செய்யலாம். அடியார்களுக்குச் செய்ததை அடியார்கள்தான் பொறுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே ஓதித் தந்திருக்கிறார்கள். அதன் பெயர் ஹக்குல் இபாத். அந்த வரைபு என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பயிர் அழிந்தவர்களின் வாசலுக்குப் போய்ச் சொன்னேன். சிலர் பொறுத்தோம் என்றார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். சாத்தியதில் நியாயம் இருந்தது.

இரண்டு கோடுகளும் உள்ள வரைபை, புளியங்கொப்பின் உயரத்தையும் சேர்த்து, பொன்ராஜாவின் கையேட்டின்படி செய்த கணக்கோடு புதிதாக எழுதி உரிய இடத்தில் கையளித்திருக்கிறேன். இரண்டு முறைகளும் என் பழைய எண்ணைவிடப் பெரிதாகவே வந்தன. மதகு இன்னும் பழைய அளவில்தான் இருக்கிறது. அடுத்த பெருமழைக்கு முன்னால் அது மாறும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

இறக்காமம், வரிப்பத்தான்சேனை, மாணிக்கமடுப் பக்கத்து ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். 1957இலோ 2011இலோ 2024இலோ தண்ணீர் எதுவரை வந்தது என்று காட்டக்கூடியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் காட்டுகிற உயரத்தில் சுவரிலோ மரத்திலோ மையால் கோடிட்டு வருடத்தை எழுதி வையுங்கள். படமெடுத்து விவசாயிகள் சங்கத்தில் ஒரு பிரதி கொடுங்கள். இனி என்னைப் போல ஒருவன் மடிகணினியோடு வந்து வரைபை விரித்தால், மேற்கோடு எங்கே என்று கேளுங்கள். அதைக் காட்டும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.